மூளைப் பெட்டி மேல் ஈரத் தோர்த்து

மேட்டுக்காட்டில் பாறையைப் பிளந்து கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவன் நான். அங்கே தண்ணீர் வராது என்று சொன்னவர்கள் இன்று அந்தக் கிணற்றிலிருந்துதான் பைப் போட்டுக் கொண்டுபோகிறார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் கிளீனராக ஏறினேன். பிற்பாடு அதே லாரியை முதலாளியிடமிருந்து என் பெயருக்கு மாற்றினேன். மழையில் கிடந்து துருப்பிடித்த பெட்ரோல் ஜீப் ஒன்றை வாங்கி, என் கையாலேயே இன்ஜினை இறக்கி ஏற்றி, ரோடு என்று சொல்ல ஒன்றும் இல்லாத காலத்தில் மூணாறு தாண்டி மலைமேல் இருக்கும் வட்டவடைக்கு ஆளும் மூட்டையும் கொண்டுபோனேன். பஞ்சாயத்து ரோட்டிலிருந்து பாலக்காடு ஜில்லா நல்லேப்பிள்ளியில் என் வீடு வரைக்கும் லாரி வரும் வழியை மண்ணும் கல்லும் கொட்டி நானே போட்டேன். மாடி வீடு கட்டினேன். எனக்குப் பெண் தர யோசித்த மாமனார் கடைசிக் காலத்தில் அந்த வீட்டில்தான் இருந்தார். ஒரு காலத்தில் என் வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. பால்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

கடைசியில் மிச்சம் இருந்தது ஒரே லாரி. ஆறு சக்கரம். இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் வைத்து வர ஆரம்பித்த காலத்து வண்டி, இப்போது பழசு. மகன் ஓட்டினான். இங்கிருந்து அரிசியும் தேங்காயும் ஏற்றி உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போவான். திரும்பும்போது வட்டவடைக் கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி வருவான்.

தை மாதம் என் சம்சாரம் போய்ச் சேர்ந்தாள். மாசியில் லாரி வழியில் நிற்க ஆரம்பித்தது. இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் கிடையாது. அடுத்தடுத்து வந்தது, அவ்வளவுதான். நான் காலையில் எழுந்து பல் தேய்த்தேன், காப்பி குடித்தேன், மோட்டார் போட்டுவிட்டேன். அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் திரும்பும்போது, "மனுசன் கல்லுங்க" என்று வாசலில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. விழுந்தது, அங்கேயே கிடந்தது.

லாரி காலையில் ஒரே சாவியில் பிடிக்கும். வெயில் ஏறி, மேட்டில் கொஞ்சம் இழுத்து, வண்டி சூடானதும் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும். மீட்டர் முள்ளெல்லாம் விழும், சிவப்பு விளக்கெல்லாம் எரியும். ஓரமாகக் கொஞ்ச நேரம் கிடந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி பிடிக்கும். ஒர்க் ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். ஒருநாள் டீசல் பிரஷர் சென்சார் என்று காட்டியது. மாற்றினார்கள். அடுத்த தடவை ஆக்சிலரேட்டர் பெடல் என்றது. அதையும் மாற்றினார்கள். பிறகு வேறொரு சென்சார். அப்புறம் வயரிங் பூராவும் பிரித்துக் கட்டினார்கள். லாரி நின்றபடிதான் இருந்தது.

சித்திரையில் ஆர்.டி. ஆபீஸில் லாரிக்கு டெஸ்ட். மகன் ஒரு சாயங்காலம் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏனுங்கப்பா, இத வெச்சுட்டு இன்னும் எத்தன நாளைக்குங்க மல்லுக்கட்டறது? டெஸ்டுக்குள்ள சரியாச்சுன்னா ஆச்சு. இல்லீன்னா ஒடைக்கறவருக்குக் கொடுத்துரலாம்னு சொல்லிப்போட்டேனுங்க."

"ஆரக் கேட்டுச் சொன்ன?"

"உங்களக் கேட்டா என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"என்ன சொல்லுவேன்?"

"நாந்தான் இத்தன வண்டியும் சேத்தேன்னு ஆரம்பிப்பீங்க. நீங்க முடிக்கறதுக்குள்ள டெஸ்டே முடிஞ்சு போயிருங்க."

சொன்னபடியே பழைய வண்டி உடைக்கிறவரும் வந்தார். லாரியைச் சுற்றி நடந்தார். கதவை விரலால் தட்டிப் பார்த்தார். "கட்டி இழுத்துட்டுப் போகட்டுங்களா, இல்ல கேஸ் கட்டரக் கொண்டாந்து இங்கயே அறுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டார். தேங்காயைத் தொலியோடு தரட்டுமா, உரித்துத் தரட்டுமா என்று கேட்பது போலக் கேட்டார். மகன் என்னைப் பார்த்தான். நான் லாரியைப் பார்த்தேன். நான் சேர்த்ததில் மிச்சம் அது ஒன்றுதான். யாரிடமாவது இருக்கட்டும், எங்கேயாவது ஓடட்டும், துண்டு துண்டாக மட்டும் ஆகக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த லோடுக்கு நானும் வருகிறேன் என்று மட்டும் மகனிடம் சொன்னேன்.

"எதுக்குங்க?"

"சும்மாதான்."

"சும்மா வர்ற ஆளுங்களா நீங்க?"

போனேன். உடுமலை தாண்டி, சின்னாறு வருவதற்கு முன்னால் வெயில் கொளுத்துகிற இடத்தில் நின்றது. காத்திருந்து போனோம். மறையூர் மேட்டில் மறுபடி நின்றது. மறையூர் தாண்டித் தேயிலை ஆரம்பித்துக் குளிர் தட்டிய பிறகு ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வட்டவடை வரைக்கும் பிழியப் பிழிய மேடுதான். இழுத்துக்கொண்டு போனது. மகன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். "பாத்தீங்களா, லோடு கொறஞ்சதும் ஓடுது" என்றான். வழியில் இறக்கியது கொஞ்சம் லோடுதான். எனக்கு அது லோடாகப் படவில்லை, சூடாகப் பட்டது.

பெட்ரோல் ஜீப் ஓட்டியவர்களுக்குத் தெரியும். கோடையில் பெட்ரோல் பம்ப் சூடேறினால் உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும், இன்ஜினுக்குப் போகாது. ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் ஓடும். அந்தக் காலத்தில் மலை ஏறுகிற எல்லா ஜீப்பிலும் ஒரு ஈரத்துணி தொங்கும். திரும்பி வரும்போது சின்னாறு இறங்கி, வெயிலில் வண்டி நின்றதும், என் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தேன். முதலில் டீசல் பம்ப் மேல் போட்டேன். பிடிக்கவில்லை. வழக்கமான நேரம் ஓரமாகக் கிடந்துதான் பிடித்தது. அடுத்த தடவை நின்றதும் டீசல் பில்டர் மேல் போட்டேன். அதற்கும் பிடிக்கவில்லை. உடுமலைக்கு முன்னால் மூன்றாம் தடவை நின்றதும் கேபினுக்குள் ஏறி, கிளீனர் சீட்டைத் தூக்கி, அதற்குக் கீழே இருந்த அலுமினியப் பெட்டி மேல் போட்டேன். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அதுதான் இன்ஜின் கம்ப்யூட்டர். கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது.

மகன் கத்தினான். "அப்பா! அது கம்ப்யூட்டருங்க! கம்ப்யூட்டர் மேல போயி ஈரத்துணியப் போடறீங்க!"

"காய்ச்சல் வந்தப்ப உன்ற நெத்தியில போடலயா?"

"நான் என்ன லாரிங்களா?"

"நீ லாரியா இருந்திருந்தா சொன்ன பேச்சக் கேட்டிருப்ப. சாவியப் போடு."

"இப்ப மட்டும் லாரி கேக்குதுங்களாக்கும்?"

"போட்டுப் பாரு சாமி."

போட்டான். பிடித்துக்கொண்டது. மகன் கியரைப் போட்டான். வீடு வரும் வரைக்கும் நான் தோர்த்தை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். வேறெங்கும் நிற்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான் அது. படவில்லை. கால்சட்டை போட்ட காலத்திலிருந்து வண்டியோடு இருக்கிறவன், கண்டுபிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம் என்று மட்டும் நினைத்தேன்.

பாலக்காட்டிலிருந்து ஒரு எலக்ட்ரானிக்ஸ்காரரை மகன் வரவழைத்தான். மலையாளி. கெட்டிக்காரர், இல்லையென்று சொல்ல மாட்டேன். தமிழையும் மலையாளத்தையும் ஒரே டம்ளரில் ஊற்றி ஆற்றுகிற மாதிரி பேசுவார். என்னை அச்சன் என்பார், அப்பா என்று அர்த்தம். தோர்த்து விஷயத்தை மகன் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நனைச்ச தோர்த்தோ? ஈசியூ பெட்டி மேலயோ? என்டம்மே! அச்சா, ஒரு சொட்டு வெள்ளம் உள்ள போயிருந்தா, கதை கழிஞ்சு."

"பிழிஞ்சுதானுங்க போட்டேன்."

"பிழிஞ்சா?"

"நல்லாப் பிழிஞ்சேன்."

"சரி. அச்சன் இனி ஒண்ணும் பிழியண்டா. வீட்டுல ஹேர் டிரையர் உண்டோ? பெட்டிய நம்ம சூடாக்கி நோக்கலாம்."

"தலையில மசுரு இருந்தாத்தானுங்க அது ஊட்டுல இருக்கும்."

சிரித்துவிட்டுத் தன் பையிலிருந்தே சூடு காற்று ஊதுகிற ஒரு துப்பாக்கியை எடுத்தார். எல்லா சென்சாருக்கும் இந்தப் பெட்டிதான் ஐந்து வோல்ட் கரண்டு கொடுக்கிறதாம். அது குறைந்தால் ஒவ்வொரு சென்சாரும் தான் கெட்டுவிட்ட மாதிரி பொய் சொல்லுமாம். மீட்டரை மாட்டி, சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பெட்டிக்கு மட்டும் சூடு காட்டினார். மீட்டரில் எண் இறங்கியது. காற்றை நிறுத்தி ஆற விட்டதும் ஏறியது. உள்ளே ஏதோ பற்றவைப்பு விரிசல் விட்டிருக்கிறது என்றார்.

"பெட்டி போயி. பக்ஷே அச்சன் சொன்னது சரியாக்கும்" என்றார். அவர் வாயால் சொன்னார். மகனும் நின்று கேட்டான்.

"பத்த வெச்சுக் கொடுக்க முடியாதுங்களா?" என்று மகன் கேட்டான்.

"முடியும். ஆனா மலையில நின்னா என்னெ சீத்த விளிச்சு திட்டக் கூடாது. வேற பெட்டி வைக்கறதாக்கும் நல்லது."

வேறு பெட்டி வாங்க, இந்தப் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் எண் வேண்டும். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குமாம். கடைசி இரண்டு எழுத்து மாறினால் இன்ஜின் ஒத்துக்கொள்ளாதாம். அங்கேதான் எல்லாம் நின்றது. எண் இருந்த இடத்தில் சந்தனம் இருந்தது.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, ஸ்டியரிங், ரேடியேட்டர், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் என் சம்சாரம்தான் சந்தனம் குங்குமம் வைப்பாள். வண்டி வந்த புதிதில் மகன் சீட்டைத் தூக்கிக் காட்டி, "இதுதானுங்கம்மா வண்டிக்கு மூள" என்று சொல்லிவிட்டான். "அப்ப இதுக்குத்தான் மொதல்ல வெக்கோணும்" என்றாள். பெட்டி முழுக்க வரிவரியாக மேடு பள்ளம். சப்பையாக இருந்த ஒரே இடம் எண் ஒட்டின இடம். வருஷா வருஷம் அங்கேதான் மூன்று விரல். சந்தனத்தின் மேல் சந்தனமாகக் காய்ந்து ஓடு மாதிரி ஆகியிருந்தது. அதற்கு மேலே போன புரட்டாசியில் வைத்தது. மூன்று விரலின் ரேகையும் தெரிந்தது.

எலக்ட்ரானிக்ஸ்காரர் நகத்தை வைத்தார். மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாமுங்க. அது எங்கம்மா வெரலு."

அவர் கையை எடுத்துவிட்டார். வேறு வழியாகப் பார்க்கலாம் என்றார். வண்டியின் மாடலை வைத்து உத்தேசமாக ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். இன்ஜின் பிடித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கேட்கவில்லை, வெள்ளையாகப் புகை தள்ளியது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொன்று கொண்டுவந்தார். அது சாவியையே ஒத்துக்கொள்ளவில்லை. டெஸ்ட் நெருங்கிவிட்டது. உடைக்கிறவர் போன் பண்ணினார். மகன், "நாளைக்குச் சொல்றேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். சந்தனத்தைத் தொட மட்டும் அவன் விடவில்லை. அவனும் லாரி வேண்டாம் என்று சொல்லவில்லை, சந்தனம் வேண்டும் என்றுதான் சொன்னான். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று அவன் கேட்கிற மாதிரி சொல்ல அந்த வீட்டில் இனி ஆள் இல்லை.

நான் சமையலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்தேன். தண்ணீர் விட்டால் ஸ்டிக்கர் கிழியும், எண்ணெயில் ஊறும். சந்தனத்தின் மேல் தடவி ஊறவிட்டேன். மகன், "அப்பா" என்றான். நான் நிமிரவில்லை. தோர்த்து முனையால் துடைத்தேன். முதலில் மூன்று விரலும் போனது, பிறகு பழைய வருஷங்கள் ஒவ்வொன்றாக வந்தன. துணியில் மஞ்சளாகவும் அடியில் கறுப்பாகவும் இருந்தது. எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். இங்கிலீஷ் எழுத்து இரண்டை மட்டும் அவரே பார்த்துக்கொண்டார். மகன் மோட்டார் ரூம் பக்கம் போய்விட்டான். தோர்த்தை நான்தான் சோப்புப் போட்டுத் துவைத்தேன். அன்று சாயங்காலம் வழக்கம் போல டிவியில் செய்தி பார்த்தேன்.

சரியான பெட்டி வந்தது. அதோடு முடியவில்லை. பழைய பெட்டிக்குள் இருக்கிற கணக்கு, சாவியின் ரகசியம், இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் எண் எல்லாவற்றையும் லேப்டாப்பில் படித்து எடுத்துப் புதுப் பெட்டிக்குள் எழுத வேண்டுமாம். படித்து முடிக்கும் வரை பழைய பெட்டி சூடாகக் கூடாது. பாதியில் நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு தடவை நின்றது. ஈரத்துணி போதவில்லை. மகனை அனுப்பி மீன்காரரிடம் ஐஸ் வாங்கிவரச் சொன்னேன். பிளாஸ்டிக் கவரில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு சொட்டு இறங்காமல் பெட்டி மேல் என் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வண்டி பூராவும் மீன் வாசனை.

"அச்சா, கை மாத்திக்கோங்கோ. மரவிச்சு போகும்."

"மரத்துப் போனா போகட்டுங்க. நீங்க லேப்டாப்பப் பாருங்க."

"வலிக்கல்லே?"

"இல்லீங்க."

நிஜமாகவே வலிக்கவில்லை. கை வெளுத்து, விரல் மடங்காமல் இருந்தது. வேறு யாருடைய கையையோ பெட்டி மேல் வைத்திருப்பது போலத்தான் இருந்தது. எலக்ட்ரானிக்ஸ்காரர் தன் போனை டேஷ்போர்டில் சாய்த்து வைத்திருந்தார், மணி பார்ப்பதற்கு என்று நினைத்தேன். இந்தத் தடவை கடைசி வரைக்கும் படித்து எடுத்தது.

புதுப் பெட்டியை மாட்டியதும் லாரி ஒரே சாவியில் பிடித்தது. உச்சி வெயிலில் லோடு ஏற்றிச் சின்னாறு வழியாக ஏறினோம். மறையூர் மேட்டில் மூன்றாம் கியரில் சத்தம் மாறாமல் போனது. மூணாறு போய், தேவிகுளம் வரைக்கும் சும்மா ஒரு நடை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். எங்கேயும் நிற்கவில்லை. டெஸ்டும் பாஸாகிவிட்டது. உடைக்கிறவருக்கு மகன் போன் பண்ணி வேண்டாம் என்று சொன்னான்.

அடுத்த மாதமே லாரியை வட்டவடைக் காய்கறி வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டான். அவர் பல வருஷமாக நம் லாரியில் கேரட் ஏற்றியவர். "ஓடற வண்டிய ஓட்டறவருக்குத்தானுங்கப்பா கொடுத்திருக்கேன். ஒடைக்கலீங்களே" என்றான். சரிதான். நான் கேட்டதும் அதுதான், வாய்விட்டுக் கேட்காவிட்டாலும். சாவி கொடுக்கிற அன்று வியாபாரி வந்து வாசலில் காப்பி குடித்தார்.

"கம்ப்யூட்டர் போயிருந்துச்சுன்னு சொன்னாகளே, யாரு பாத்தது?" என்று கேட்டார்.

"பாலக்காட்டுக்காரர் ஒருத்தருங்க. வந்து மீட்டர வெச்சாரு, பெட்டிதான்னு கண்டுபுடிச்சுட்டாருங்க" என்றான் மகன்.

"கெட்டிக்காரப் பயதான். நம்பரு குடுங்க தம்பி, எங்கூர்லயும் ரெண்டு வண்டி நிக்கி."

நம்பர் கொடுத்தான். நான் காப்பி டம்ளரோடு பக்கத்திலேயேதான் இருந்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. லாரி நான் போட்ட வழியில் இறங்கிப் போனது. டம்ளரைக் கழுவி வைத்தேன்.

பிறகு ஒருநாள் மகனே தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். எலக்ட்ரானிக்ஸ்காரர் போட்டது. சூடானால் நிற்கிற லாரியில் பெட்டிதான் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று பேசுகிறார். ஈரத்துணியைப் பிழிந்து போட்டுப் பார்க்கச் சொல்கிறார். அடியில் நிறையப் பேர் அவரைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். நடுவில் ஒரு இடத்தில், ஐஸ் கவரைப் பெட்டி மேல் அழுத்திப் பிடித்தபடி ஒரு கை. மணிக்கட்டு வரைக்கும்தான் தெரிகிறது. அதற்கு மேலே படம் இல்லை.

"உங்க கைதானுங்கப்பா" என்று மகன் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன், வரவில்லை. கணக்கு மட்டும் தப்பாக இருக்கிறது. மீட்டர் பிடித்து உறுதி பண்ணியது அவர், பெட்டி தேடிக் கொண்டுவந்தது அவர், உள்ளே எழுதியது அவர். அதை அவர் சொல்லிக்கொள்ளட்டும், நானே சாட்சி சொல்கிறேன். ஆனால் சூட்டில்தான் நிற்கிறது என்று மலை ஏறிப் பார்த்துச் சொன்னது நான். துணி போட்டது நான். சந்தனத்தைத் துடைத்து எண்களை எடுத்தது நான், அதைச் செய்ய அந்த வீட்டில் இன்னொரு கை எழவில்லை. ஐஸ் பிடித்ததும் நான்.

அதனால் மூன்று பேருக்கும் சொல்கிறேன். வட்டவடை வியாபாரி அந்த லாரியைப் பற்றிப் பேசும்போது, கோளாறைக் கண்டுபிடித்தது பழைய முதலாளி என்று சொல்ல வேண்டும். என் மகன், யார் கேட்டாலும், அப்பாதான் என்று முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்ல வேண்டும். எலக்ட்ரானிக்ஸ்காரர் அந்த வீடியோவில் அந்த இடத்தில் நிறுத்தி, இந்தக் கை யாருடையது என்று என் பேரைப் போட வேண்டும். தமிழில் போட்டாலும் சரி, மலையாளத்தில் போட்டாலும் சரி. போட வேண்டும்.